கடற்கரை ஓட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் ஓராண்டாகக் குளச்சலில் இருக்கிறேன். தேர்தல் பேச்சு வந்தாலே இங்கே பலரும் சொல்வது, 'கடற்கரை ஓட்டு மொத்தமா விழும்' என்பதுதான். பங்குத்தந்தை (ஊர்த் தேவாலயப் பாதிரியார்) கை காட்டினால் போதுமாம். 2019இல் ஒக்கி புயல் கோபத்தில் கடற்கரைதான் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தது என்றும் சொல்கிறார்கள். இது உண்மையா? இவ்வளவு படித்த பிள்ளைகள் இருக்கிற ஊர்களில் இன்னும் ஏன் இப்படி?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

2019 கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2014இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தபோது அவருக்கு விழுந்தவை சுமார் 3.7 லட்சம் வாக்குகள். 2019இல் தோற்றபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். 2014இல் காங்கிரஸ், திமுக, அதிமுக மூன்றும் தனித்தனியாக நின்று எதிர் வாக்குகளைப் பிரித்துக்கொண்டன. 2019இல் காங்கிரசின் வசந்தகுமாருக்குப் பின்னால் திமுக கூட்டணி நின்றது. வித்தியாசம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. ஒக்கியின் கோபம் பொய்யில்லை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். இனயம் கடற்கரையில் வரவிருந்த துறைமுகத் திட்டத்தின் மீதும் கரையில் கடும் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய தோல்வியைக் கரையோர ஊர்கள் மட்டுமே தந்திருக்க முடியாது.

சரி, 'மொத்தமா விழும்' என்பதற்கு வருவோம். எனக்கு உண்மையான வருத்தம் தருகிற பேச்சு இது.

ஒரு வாக்குச்சாவடியில் 2024 தேர்தல் வரை பொதுவாக 1,500 வாக்காளருக்கு மேல் இருந்ததில்லை, 2025இல் அந்த வரம்பும் 1,200 ஆகக் குறைந்தது. மீனவ ஊர்களோ நெருக்கமாகக் கட்டப்பட்டவை. ஒரு ஊர் என்றால் ஒன்றோ இரண்டோ மூன்றோ சாவடிகள், அதற்குள் வேறு ஊர்க்காரர்கள் அதிகம் கலப்பதில்லை. எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்ற தாளில் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று வந்துவிடும். நகரத்துத் தெருவில் குடியிருப்பவரின் வாக்கு நாலு சாதி, நாலு தொழில் ஆட்களின் வாக்கோடு கலந்துவிடுகிறது. கடற்கரைக்காரரின் வாக்கு அவர் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே எண்ணப்படுகிறது. கரையை விட்டு உள்ளே இருக்கிற ஊர்களில் ஒரு சாதி மொத்தமாகப் போட்டாலும் அது பல சாவடிகளில் சிதறிக் கிடக்கும், கண்ணில் படாது. கரையில் போட்டால் பளிச்சென்று தெரியும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. தமிழகத்தில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் வாக்கு இயந்திரம் வந்தபோது அந்த மறைப்பும் போனது. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு ஊர்க் கூட்டத்தில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். கடலரிப்பில் வீடு போகும்போது எந்த ஊருக்கு அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு, எந்த ஊருக்குக் கல்சுவர் என்பது ஊர் ஊராக முடிவாகிற விஷயம். கேட்கப் போகிற ஆட்கள், 'எங்கள் ஊர் உங்களுக்கு இத்தனை போட்டது' என்று சொல்லியாக வேண்டும். கரையோர ஊர்களோ பல தொகுதிகளின் ஓரத்தில் ஒரு நீண்ட கோடாகக் கிடக்கின்றன. எந்தத் தொகுதியிலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை. அவர்கள் கையில் இருக்கிற ஒரே பேரம் ஒற்றுமைதான். அதைக் கீழ்ப்படிதல் என்று சொல்வது அநியாயம்.

பங்குத்தந்தைக்குச் செல்வாக்கு இல்லையா? இருக்கிறது. ஊர் நிர்வாகமும் பங்கு நிர்வாகமும் இங்கே பின்னிக் கிடப்பவை. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது, ஊரில் ஒரு பெண் வேறு கருத்தைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் எவ்வளவு இடமிருக்கிறது என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் வாக்கை வைத்துப் பேரம் பேசுவதை எல்லாச் சங்கங்களும் செய்கின்றன. கரையில் செய்தால் மட்டும் அதைப் படிப்பறிவோடு முடிச்சுப் போடுகிறோம்.

அப்புறம், வாக்களிக்கவே முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுவதால், 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19 ஆகிய வாக்குப்பதிவு நாட்களில் அங்கே விசைப்படகுகள் கரையில் நின்றன. தூத்தூர் இருக்கிற மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான். 2019இல் வாக்குப்பதிவு நாள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனாக இருந்ததால் திருநாளுக்கு வருகிறவர்கள் ஊரில் இருக்க வாய்ப்பிருந்தது. 2024இல் ஈஸ்டர் முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. ராணுவத்தில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உண்டு. நடுக்கடலில் இருப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. இது உடனடியாகச் சரிசெய்யப்பட வேண்டிய அநீதி என்றே நினைக்கிறேன்.

நீங்கள் குளச்சலிலேயே இருப்பதால் ஒன்று செய்யுங்கள். படிவம் 20ஐத் தேர்தல் அதிகாரிகளின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். கரையோரச் சாவடிகளில் முதலிடம் யாருக்கு என்பதோடு நிறுத்தாமல், மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்ததையும் கூட்டுங்கள். ஊர் ஒரு பக்கம் நிற்கும்போது, எண்ணிக்கையில் தெரிந்துவிடும் என்று அறிந்தே மறுபக்கம் அழுத்தியவர்கள் அவர்கள்.

அன்புடன்.