'தமிழ்' என்பது 16 எழுத்தா? கட்டளைவரிக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தமிழ்க் கோப்புகளைப் பற்றியவை. ஆங்கில உதாரணங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தமிழில் இடறும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான், அதனால் அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விசைப்பலகையில் தட்டி இயக்கும் லினக்ஸ் கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று கவனியுங்கள்.

கேள்வி: 'தமிழ்' என்று எக்கோ செய்து, பைப் வழியாக (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குத் தரும் குறி) எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பினேன். சின்ன 'சி' கொடுத்தால் 16, சின்ன 'எம்' கொடுத்தால் 6. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஏன் இந்தக் கணக்கு?

பதில்: இரண்டு விடையும் சரிதான். 'சி' பைட்டுகளை எண்ணுகிறது, 'எம்' யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15 பைட், 5 குறியீடு. எக்கோ கடைசியில் சேர்க்கும் வரிமுடிவுக்கு இரண்டிலும் ஒன்று கூடுகிறது.

நாம் எழுத்து என்று சொல்வது இவை இரண்டுமே இல்லை. மெய்யோடு அதன் குறியும் சேர்ந்தால்தான் நமக்கு ஓர் எழுத்து. அதை எண்ண, தேடித் தரும் கட்டளையான கிரெப்பைக் கூப்பிடுங்கள். பெரிய 'பி', சின்ன 'ஓ' என்ற இரண்டு விருப்பங்களோடு, பேக்ஸ்லாஷும் பெரிய 'எக்ஸ்'-உம் சேர்ந்த வடிவத்தைத் தேடச் சொன்னால் த, மி, ழ் என்று வரிக்கு ஒன்றாக வரும். அதை டபிள்யூசி-யில் சின்ன 'எல்' கொடுத்து எண்ணினால் 3. இடைவெளியும் நிறுத்தற்குறிகளும் கணக்கில் சேரும் என்பதால் அவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். 3 வராமல் 15 வந்தால் உங்கள் லோகேல் (கணினியின் மொழி, எழுத்துமுறை அமைப்பு) யூடிஎஃப்-8 இல்லை என்று அர்த்தம்.

இந்த முறையில் 'க்ஷ' இரண்டாக எண்ணப்படும். அது எனக்குச் சரியாகவே படுகிறது. க் ஒரு மெய், ஷ ஓர் உயிர்மெய்.

கேள்வி: ஒரு நாவலை இரண்டு பேர் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். 'கொடுத்தான்' என்று கிரெப்பில் தேடினால் ஒருவர் கோப்பில் மட்டும் அகப்படுகிறது. மற்றதிலும் அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறதே!

பதில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் கோப்பில் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, மொத்தம் 6 பைட். அல்லது ககரத்தோடு கொம்பு தனி, கால் தனி, மொத்தம் 9 பைட். திரையில் துளி வித்தியாசம் இருக்காது. பைட்டுகளை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் போட்டுப் பாருங்கள், நீளமே காட்டிக்கொடுத்துவிடும்.

கிரெப் மேல் குற்றம் இல்லை, கொடுத்த பைட்டுகளைத்தான் அது தேடும். அதை எழுதிய கென் தாம்சன்தான் 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 முறையையும் வடிவமைத்தார். ஒரு குறியீட்டின் பைட் வரிசை இன்னொன்றின் நடுவில் தற்செயலாகத் தோன்றாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். பழைய தேடல் கருவிகள் தமிழிலும் ஓடுவதற்கு அதுவே காரணம்.

தீர்வு, வேலையைத் தொடங்கும் முன்பே எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. ஐசியு என்ற யூனிகோட் மென்பொருள் தொகுப்பில் உள்ள யூகான்வ் கட்டளை இதைச் செய்யும். வேண்டிய வடிவத்தின் பெயர் என்எஃப்சி. இரண்டு விதக் 'கொ'வும் 6 பைட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் 'ஔ' அதற்கு அடங்காது. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதிவிடுகிறார்கள். கணினிக்கு அது ஒ, ள என்ற இரண்டு தனி எழுத்து. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் செட் (எஸ்இடி) கட்டளையில் 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' போடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், 'ஒளி'யும் 'ஒளிந்தான்'-உம் கெட்டுப்போகும். 'ஒள'வுக்குப் பிறகு குறியோ புள்ளியோ இல்லாமல் நேராக இன்னொரு மெய்யெழுத்துத் தொடங்கும் இடங்களை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் அந்தச் சொற்களை ஒரு பட்டியலாக எடுத்து வாசித்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

கேள்வி: கோப்பிலுள்ள ஆய்த எழுத்தை நீக்க டிஆர் கட்டளையில் 'டி' விருப்பத்தைப் பயன்படுத்தினேன். கோப்பு முழுவதும் குப்பையாகிவிட்டது.

பதில்: லினக்ஸில் வரும் ஜிஎன்யூ டிஆர் பைட் பைட்டாக வேலை செய்வது. ஆய்தத்தின் 3 பைட்டுகளையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அவை எங்கே இருந்தாலும் நீக்கிவிட்டது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் பொது, அதனால்தான் ஓர் எழுத்தும் தப்பவில்லை. தமிழுக்கு டிஆர் வேண்டாம், செட் போதும்.

கேள்வி: யூனிக் போட்டும் இரட்டை வரிகள் போகவில்லை.

பதில்: யூனிக் அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒப்பிடும், முதலில் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்துங்கள். அப்புறமும் போகாவிட்டால், கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளையைக் கேளுங்கள். 'சிஆர்எல்எஃப்' என்று பதில் வந்தால் விண்டோஸ் வரிமுடிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, டாஸ்-டு-யூனிக்ஸ் அதை எடுத்துவிடும்.

கேள்வி: நூலகத்துக்காகப் புத்தகத் தலைப்புகளை சார்ட் செய்தேன். 'பகல்' முன்னாலும் 'பக்கம்' பின்னாலும் வருகிறது, 'மலர்' இருக்க 'மனம்' முந்திக்கொள்கிறது. அகராதி வரிசை கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. ல, ள, ழ, வ என்று அந்த வரிசையும் மாறிக் கிடக்கிறது. புள்ளிக்கோ எல்லாக் குறிகளுக்கும் பின்னால் இடம். எண் வரிசையை அப்படியே பின்பற்றினால் நீங்கள் சொன்ன குழப்பம்தான் வரும்.

வழி இது: ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சாவி செய்து, சாவியை வரிசைப்படுத்தி, பிறகு சாவியைக் கழற்றிவிடுவது. செட்டில் 'ஒய்' என்றொரு கட்டளை உண்டு, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைப் போடும். அதில் புள்ளிக்கு 0 கொடுங்கள். 12 உயிருக்கும் ஆய்தத்துக்கும் 1 முதல் 9 வரையும், பெரிய ஏ முதல் டி வரையும். க, ங, ச, ஞ என்று தொடங்கி ற, ன வரை 18 மெய், அதன் பின் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ, ஆக 23-க்கும் பெரிய ஈ முதல் இசட் வரையும், சின்ன ஏ-யும். கடைசியாகக் கால் தொடங்கி 11 உயிர்க்குறிக்கும் சின்ன பி முதல் எல் வரை. மொத்தம் 48. புள்ளி முதலில், மெய் நடுவில், குறி கடைசியில் என்று இந்த அடுக்கு நின்றுவிட்டால் பக்கம், பகல், பகை என்று தானாக வரிசை அமைந்துவிடும்.

சாவிகளை ஒரு கோப்பில் எழுதி, பேஸ்ட் கட்டளையால் மூலத் தலைப்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். லோகேலைத் தீர்மானிக்கும் எல்சி-ஆல் மாறிக்கு 'சி' (வெறும் பைட் வரிசை) என்று கொடுத்து சார்ட் செய்யுங்கள், பிறகு கட் கட்டளையால் இரண்டாம் பத்தியை மட்டும் எடுங்கள். அந்த 'சி' சார்ட்டுக்கு மட்டும்தான், செட்டுக்கு யூடிஎஃப்-8 லோகேல் கட்டாயம். தலைப்புகளை முன்பே என்எஃப்சி-க்கு மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' எல்லாம் 'கெ' பக்கம் போய் நிற்கும்.

கேள்வி: 2000-வாக்கில் சேமித்த டிஸ்கி (யூனிகோட் பரவுமுன் இருந்த தமிழ்க் குறியீட்டு முறை) கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. எழுத்துருவும் இல்லை. மீட்க முடியுமா?

பதில்: தைரியமாக இருங்கள், முடியும். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்களும் டிஸ்கியில் வந்தவைதான். ஜிஎன்யூ சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். எங்கிருந்து என்பதற்கு டிஸ்கி, எதற்கு என்பதற்கு யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் போதும். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும், அதையும் அது இடம் மாற்றித் தரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளுக்கு இந்த வசதி இல்லை, சொந்தமாக ஒரு செட் கோப்பு எழுத வேண்டும். அதில் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: சார்ட் செய்ததை அதே கோப்பிலேயே எழுதச் சொன்னேன். கோப்பு காலியாகிவிட்டது!

பதில்: உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். மூன்று வாரம் உட்கார்ந்து சேர்த்த ஒரு சொற்பட்டியலை நானும் இதே வழியில் இழந்தேன். விடையைக் கோப்புக்குத் திருப்பும் பெரிது-குறியைக் கண்டதும் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அந்தக் கோப்பைத் திறந்து காலி செய்துவிடும். கட்டளை அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும், அப்போது படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. சார்ட்டில் சின்ன 'ஓ' விருப்பம் கொடுத்தால் முழுவதையும் படித்த பிறகே எழுதும், அதே கோப்பானாலும் ஆபத்தில்லை. மற்றக் கட்டளைகளுக்கு வேறொரு பெயரில் எழுதி, திறந்து பார்த்து, சரி என்று தெரிந்த பிறகு எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். உங்களிடம் மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். என் பட்டியலில் பாதி எனக்கு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.