முதல் கண்காட்சிக்குப் பறவைப் படங்களை எப்படித் தயார்செய்வது?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: “கொழும்பில் ஒரு குழுக் கண்காட்சியில் முதல் தடவையாக என் பறவைப் படங்களை வைக்கப் போகிறேன். ஒன்றரை மாதம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?”

ஒன்றரை மாதம் என்று நம்ப வேண்டாம். பிரேம் போடுபவருக்கு ஒரு கிழமை, அவர் “நாளைக்கு வாங்க” என்று இழுக்கும் இன்னொரு கிழமை, இரண்டையும் கழித்தால் உங்களுக்கு நாலு கிழமைதான் மிச்சம். அதைச் சொல்லத்தான் வந்தேன். வந்த இடத்தில் என் கதையையும் கொட்டிவிட்டுப் போகிறேன்.

நான் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு கணக்காளர். படம் பிடிப்பது சனி ஞாயிறில் மட்டும். 24 மெகாபிக்சல் கமரா, செகண்ட்ஹாண்டில் வாங்கிய 150-600 மி.மீ. தூர லென்ஸ், அவ்வளவுதான். ஆகவே “கலர் மெனேஜ்மென்ட் பற்றி ஒழுங்காக எழுதவில்லை”, “இதெல்லாம் அடிப்படை விஷயம்” என்று கீழே வந்து வகுப்பெடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து தனியாக ஒரு பதில் எழுதுங்கள், நானே வந்து அப்வோட் போடுகிறேன். நான் படம் வைத்த கண்காட்சியும் பெரிய இடத்தில் நடந்ததல்ல. லயனல் வெண்ட் மண்டபத்தில் ஒருநாள் ஒரு படமாவது மாட்டவேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு, அந்தப் பெயருக்குரியவரே 1944இல் இறந்துபோன ஒரு படப்பிடிப்பாளர்தானே. எங்களுடையது கொழும்பு 7இலேயே வேறொரு சின்ன மண்டபம். பதினொரு பேர், ஆளுக்கு எட்டுப் படம், மூன்று நாள்.

உங்கள் கொம்பியூட்டரில் இப்போது “கண்காட்சி” என்று ஒரு போல்டர் இருக்கும், அதில் ஐம்பது அறுபது படம் கிடக்கும். என்னிடம் 61 இருந்தது. அதில் எட்டை எடுக்க எனக்கு இரண்டு கிழமை போனது. காரணம், பறவையைப் பார்த்து நான் தெரிவுசெய்யவில்லை, பட்ட பாட்டைப் பார்த்துத் தெரிவுசெய்தேன். இது தலங்கம குளத்தில் மூன்று மணித்தியாலம் நின்று எடுத்தது, இது பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மழைக்குள் எடுத்தது, இது காலில் அட்டை ஏறின அன்றைக்கு எடுத்தது. பார்க்க வருபவருக்கு அட்டை தெரியுமா? கடைசியில் ஏ.எல். படிக்கிற மகள் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, இது நாலும் ஒரே மீன்கொத்திதானே” என்றாள். “இல்லை, இதில தலை திரும்பியிருக்கு” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மீன்கொத்தி வெளியே போனது.

இன்னொரு படத்தை நானே வெளியே போட்டுவிட்டேன். எங்கள் பல்கனிக் கம்பியில் தேன்சிட்டு கட்டிய கூடு. வெளிச்சம் விழட்டும் என்று முன்னால் இருந்த பூச்சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எடுத்தேன். தாய்க்குருவி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டுக்கு வரவில்லை. சட்டியைப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் வந்தது. குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி யாராவது “எப்படி எடுத்தீங்க” என்று கேட்டால் என்ன சொல்வது? கூட்டுப் படங்கள் உங்களிடம் இருந்தால் ஒழுங்கமைப்பாளரிடம் முதலே கேளுங்கள், பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

இனி நான் உண்மையில் மண்ணைக் கவ்விய இடத்துக்கு வருகிறேன். என் எட்டுப் படங்களுக்கும் ராஜா என்று நான் நினைத்தது ஒரு நீலத் தாழைக்கோழி. தலங்கமவில் காலை ஆறேமுக்காலுக்கு, ஒரு தண்டை ஒற்றைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டு நிற்கிறது. போனில் பார்த்தால் கண்ணில் ஒற்றும்படி இருக்கும். 24க்கு 16 அங்குலத்தில் அடித்துத் தரச் சொல்லிப் படம் அச்சிடும் லாபில் கொடுத்தேன். வந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இறகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளியின் வழுவழுப்பு. நீலம் ஊதா மையாகிவிட்டது. கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன், என் தொழிலே அதுதானே. கமரா தருவது 6000க்கு 4000 புள்ளி. பறவை தூரத்தில் நின்றதால் நான் வெட்டி வெட்டி 2100க்கு 1400 ஆக்கியிருக்கிறேன். 2100ஐ 24 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 87 புள்ளி. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கிற படத்துக்கு 300 இருந்தால் நல்லது, 200 வரை தாங்கும். அந்தப் படத்தை 10க்கு 7 அங்குலத்துக்கு மேல் அடித்திருக்கவே கூடாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் வெட்டிய பிறகு எத்தனை புள்ளி மிச்சம் என்று பார்த்து 200ஆல் வகுங்கள், அதுதான் உங்கள் அங்குலம். தூர நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு 150 போதும் என்பார்கள், சரிதான், ஆனால் பறவைப் படத்துக்கு ஆட்கள் மூக்கு முட்டக் கிட்டப் போவார்கள். நான் பார்த்தேன்.

அந்தப் படத்தைக் காப்பாற்றியது கொட்டாஞ்சேனையில் பிரேம் போடுகிற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). சுருட்டிக் கொண்டுபோனதை விரித்துப் பார்த்தார். “தங்கச்சி, படத்த பெருசாக்காதீங்க, போர்ட்ட பெருசாக்குங்க” என்றார். திரும்பவும் 10க்கு 7இல் அடித்து, சுற்றிவர நாலைந்து அங்குலத்துக்கு வெள்ளை மவுண்ட் போர்ட் (படத்துக்கும் பிரேமுக்கும் இடையில் வரும் தடித்த அட்டை) வைத்து, 20க்கு 16 பிரேமில் போட்டுத் தந்தார். அவ்வளவு வடிவாக இருந்தது. மவுண்ட் போர்ட் அழகுக்கு மட்டும் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். கொழும்புச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் படம் கண்ணாடியில் நேரே முட்டினால் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் மேல்தோலோடு வரும். நாலு பக்கமும் டேப் அடிக்கவும் விடவில்லை. மேல்பக்கத்தில் மட்டும் இரண்டு துண்டு. ஈரத்துக்குத் தாள் விரிய இடம் வேண்டுமாம், இல்லாவிட்டால் அலைஅலையாக வளையும். ஐப்பசி மழைக்குள் நடந்த கண்காட்சி அது. நாலு பக்கமும் ஒட்டிக் கொண்டுவந்த இருவரின் படங்கள் இரண்டாம் நாளே பப்படம் மாதிரி ஆகிவிட்டன.

நிறம் இருண்டதற்குக் காரணம் லாப் இல்லை, நான்தான். லாப்டொப் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்திருக்கிறேன். திரை தானாக ஒளிர்கிறது, தாளுக்கு அந்த வசதி இல்லை. திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கலிபிரேட்டர் வாங்க என்னிடம் காசில்லை. செய்தது இவ்வளவுதான்: பகலில் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்தேன். அதன் பிறகு பார்த்தால் என் படம் எல்லாம் அமாவாசையில் எடுத்த மாதிரி. திரும்ப எடிட் செய்தேன். எட்டையும் சின்னச் சின்னதாக ஒரே 18க்கு 12 தாளில் அடித்து, அந்தத் தாளை மண்டபத்துக்கே கொண்டுபோய் அங்குள்ள மஞ்சள் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை. இந்த ஒரு தாள் மிச்சம்பிடித்த காசு எனக்குத்தான் தெரியும்.

கொக்கு வைத்திருப்பீர்கள். கொக்கில்லாத பறவைப் போல்டர் இந்த ஊரில் இல்லை. வெயிலில் எடுத்த கொக்கின் முதுகைப் பெரிதாக்கிப் பாருங்கள், இறகு தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்த இடத்தில் பிரின்டர் மையே போடாது, வெறும் தாள்தான். பளபளப்புத் தாளில் பக்கவாட்டாக நின்று பார்த்தால் அந்த இடம் மட்டும் ஓட்டை விழுந்த மாதிரி வேறாக மினுங்கும். என் வெள்ளவத்தை வாய்க்கால் கொக்கு அப்படித்தான் போனது.

அதற்கு நேர்மாறு ஒன்று. நுகேகொடையில் தோழி வீட்டுப் பின்வளவில், பொழுதுபடும் நேரம், சருகுக்குள் நின்ற ஆறுமணிக்குருவி. வெளிச்சம் போதாமல் கமராவின் ஒளி உணர்வை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றியிருந்தேன். திரையில் முழுக்க மணல் தூவின மாதிரி. மற்றப் படங்களுக்கெல்லாம் அந்த மணலைத் துடைத்துத் துடைத்து மெழுகுப் பொம்மை ஆக்கிவிட்டேன், இதற்கு மட்டும் நேரம் இல்லாமல் அப்படியே கொடுத்தேன். தாளில் மணலே தெரியவில்லை! எட்டில் ஆகத் திறமாக வந்தது அதுதான். ஆகவே துடைப்பதைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. “யால காட்டுக்குப் போகாமல் என்ன பறவை” என்று கேட்கிற சொந்தக்காரர் எனக்கும் இருக்கிறார்கள். என் எட்டும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எடுத்தவை. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று முதன்முதலாக அங்கீகாரம் கொடுத்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அப்படிப்பட்ட நகரத்தில், எங்கள் தொடர்மாடிக் கமிட்டி என்ன செய்தது தெரியுமா? வாகனம் நிறுத்துமிடத்தில் நின்ற ஜாம் மரத்தில் குருவி வந்து காரின்மேல் எச்சமிடுகிறது என்று மரத்தையே அடியோடு வெட்டியது. கூட்டத்தில் வெட்டவேண்டாம் என்று நான் ஒருத்திதான் கை தூக்கினேன். காருக்கு உறை வாங்க முந்நூறு வழி இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் இன்னொரு கார் நிற்கிறது. சரி, கேள்விக்கு வருவோம்.

பெயர் அட்டை. இதைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். மூன்று மொழியிலும் பெயர் போடுவதாகச் சொன்னார்கள், நல்லது என்று ஆங்கிலப் பெயர்களை மட்டும் அனுப்பிவிட்டேன். மண்டபத்துக்குப் போனால் சிங்களம் சரி, ஆங்கிலம் சரி, தமிழில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. மீன்கொத்தியில் ‘கொ’ இல்லை, ஒரு ‘கா’வும் அநாதையாக ஒரு கொம்பும். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் டிசைன் செய்தால் அப்படித்தான் வரும், அவரைக் குறை சொல்லி என்ன. அதைவிடப் பெரிய கூத்து, ஆறுமணிக்குருவிக்குக் கீழே “இந்தியப் பிட்டா” என்று இருந்தது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கத்துவதால் நம் ஆட்கள் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள், அதை விட்டுவிட்டு பிட்டாவாம். தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்பதை என் அம்மா புலுனி என்பா, அவர்களின் செம்போத்து எங்களுக்குச் செண்பகம். இதில் எது சரி என்று சண்டைக்கு வரவேண்டாம், இரண்டையும் போடுங்கள். ஆனால் நீங்களே தட்டச்சு செய்து, படமாகவோ பிடிஎப்பாகவோ மாற்றி அனுப்புங்கள். அப்போது கொம்பு ஓடாது.

நான் பேனையால் ஒரு வெள்ளை அட்டையில் “ஆறுமணிக்குருவி” என்று எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் நாள் பின்னேரம் அதை எடுத்துவிட்டார்கள், எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அடுத்த நாள் காலை திரும்ப எழுதி ஒட்டினேன். பதினொரு மணிபோல வேட்டி கட்டிய ஒரு வயதான ஐயா வந்தார். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அட்டையை வாசித்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். “இதுவா பிள்ளை? நான் சின்னனில இருந்து சத்தம்தான் கேட்டிருக்கிறன்” என்றார். அன்றைக்கு அட்டையை யாரும் எடுக்கவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். உங்கள் மண்டபத்தில் ஆணி அடிக்க விடுவார்களா என்று இன்றைக்கே போன் எடுத்துக் கேளுங்கள். எங்களுக்கு விடவில்லை. மேலே கம்பியில் நைலோன் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும் என்று கண்காட்சிக்கு முந்தின நாள் இரவு ஏழு மணிக்குத்தான் தெரியும். என் எட்டு பிரேமிலும் ஒற்றை வளையம்தான் இருந்தது, கயிற்றுக்கு இரண்டு பக்கமும் வளையம் வேண்டும். நானா கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். திரும்ப வந்து திறந்தார்.