எனக்கு போர் அடிச்சா நான் போரிங்கா, போர்டா?

"ஒரு வேலைக்கு மெயில் போட்டேன், அதுல 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்'னு எழுதிட்டேன், ஃப்ரெண்ட் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். வார்த்தை கடைசில ஈடி (-ed) எங்க வரும், ஐஎன்ஜி (-ing) எங்க வரும்? திருத்தி இன்னொரு மெயில் அனுப்பட்டுமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

தம்பி, நீங்க எழுதுனதுக்கு அர்த்தம் 'நான் ரொம்ப சுவாரசியமான ஆளு'ங்கிறது. உண்மையாவே இருக்கலாம், ஆனா அதை அடுத்தவங்க சொல்லணும். அங்க வர வேண்டியது இன்ட்ரஸ்டட்.

இந்த தப்பு எங்கேர்ந்து வருதுன்னா, ஐஎன்ஜின்னா 'இப்ப நடந்துட்டு இருக்கு', ஈடின்னா 'முடிஞ்சு போச்சு'ன்னு ஸ்கூல்லயே மனசுல ஏறிடுது, அதனால 'எனக்கு இப்பதானே போர் அடிக்குது, நேத்தா அடிச்சுது, அப்ப ஐ ஆம் போரிங்தானே'ன்னு மண்டை கணக்கு போட்டுடுது. இந்த விஷயத்துல காலத்தை தூக்கி ஓரமா வெச்சிடுங்க. அந்த உணர்ச்சியை யாரு, எது கிளப்பி விடுது, அது யாருக்கு வந்து சேருது, அவ்ளோதான் கேள்வி. இங்கிலீஷ்ல போர்ங்கிற வெர்புக்கு அர்த்தமே 'போர் அடிக்க வைக்கிறது'தான். வைக்கிறது ஐஎன்ஜி, மாட்டிக்கிட்டவன் ஈடி.

இதுக்கு கிராமர் புக்கெல்லாம் தேட வேணாம், நம்ம தமிழ்லயே இருக்கு: படு, படுத்து. ஆச்சரியப்பட்டவன் சர்ப்ரைஸ்ட், ஆச்சரியப்படுத்துன நியூஸ் சர்ப்ரைஸிங். குழம்பிப் போனவன் கன்ஃப்யூஸ்ட், குழப்புற கேள்வி கன்ஃப்யூஸிங். 'கேள்வி என்னை குழப்புது'ன்றதுக்கு பதிலா 'கேள்வி குழம்புது'ன்னு நாம வாய் தவறிக்கூட சொல்றதில்ல, பாருங்க, வித்தியாசம் ஏற்கனவே ரத்தத்துல இருக்கு. இன்னும் சீக்கிரமா பிடிக்கணும்னா தமிழ்ல 'எனக்கு, அவனுக்கு'ன்னு வருதான்னு பாருங்க. எனக்கு போர் அடிக்குது, ஐ ஆம் போர்ட். அந்த ஆளு செம மொக்கை, ஹி இஸ் போரிங்.

மனுஷனுக்கு ஈடி, பொருளுக்கு ஐஎன்ஜின்னு சில பேர் சொல்லித் தருவாங்க. பாதி நேரம் சரியா வரும், மீதி நேரம் கவுத்து விட்டுடும். கிளாஸ் எடுக்குற சாரும் மனுஷன்தான், அவர் போரிங்கா இருக்கலாம், கேக்குற பசங்க போர்டா இருப்பாங்க, ரெண்டும் ஒரே ரூம்லதான் நடக்குது. அதே மாதிரி ஒருத்தர் மூஞ்சியில கவலை தெரிஞ்சா 'எ வொரீட் லுக்', அங்க லுக்குங்கிறது பொருளா மனுஷனான்னு யோசிச்சா மாட்டிப்பீங்க, கவலைப்படுறது அவர், மூஞ்சி அதை காட்டுது, அதனால ஈடி.

எல்லா வார்த்தையும் ஜோடியா வராது, இதை மனப்பாடம்தான் பண்ணணும். பயந்தவன் ஸ்கேர்ட், ஆனா பேய்ப் படம் ஸ்கேரி, ஸ்கேரிங் இல்ல. ஸ்ட்ரெஸ்ட் ஆனவனுக்கு வேலை ஸ்ட்ரெஸ்ஃபுல். இம்ப்ரெஸ்டுக்கு ஜோடி இம்ப்ரெஸிவ், டிலைட்டடுக்கு ஜோடி டிலைட்ஃபுல்.

இன்னொண்ணு, உணர்ச்சியே இல்லாத இடத்துல நான் ஓரமா வைக்கச் சொன்ன காலம் திரும்ப வந்துடும். பாய்லிங் வாட்டர்னா இப்ப கொதிக்கிற தண்ணி, கை வெச்சா வெந்துடும்; பாய்ல்ட் வாட்டர்னா கொதிக்க வெச்ச தண்ணி, ஆறியும் இருக்கலாம், அதைத்தான் காய்ச்சல்காரங்களுக்கு குடுப்போம்.

பேசும்போது போரடு, டயரடுன்னு இழுக்காதீங்க. போர்ட், டயர்ட், அவ்ளோதான். ஈடிக்கு முன்னாடி t இல்லேன்னா d சத்தம் இருந்தா மட்டும், இன்ட்ரஸ்டட், எக்ஸைட்டட் மாதிரி, தனியா ஒரு 'இட்' சத்தம் கேக்கும். பின்னாடி ஒட்டுற குட்டி வார்த்தையும் ஒவ்வொண்ணுக்கும் வேற: இன்ட்ரஸ்டட் இன், எக்ஸைட்டட் அபௌட், டயர்ட் ஆஃப். நீங்க 'இன்' கரெக்டா போட்டிருக்கீங்க, அதுக்கு ஒரு ஷொட்டு.

திருத்தி இன்னொரு மெயிலா? வேணாம் தம்பி, இந்த ஒரு வார்த்தைக்காக அனுப்புனா படிக்காம விட்டவங்களும் தேடிப் போய் பழசை படிப்பாங்க. அவங்க பதில் போட்டா அதுல இன்ட்ரஸ்டட்னு சரியா எழுதிடுங்க.