வீட்டுக்கு ஒரு ஆம்பியர்
ஊர் மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் மலைக் குடியிருப்பில் 40 வீடுகள். மின்கம்பி இன்னும் வரவில்லை. ஓர் அறக்கட்டளை 5 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் (ஊருக்கென்றே தனியாக இயங்கும் சிறு மின்நிலையமும் கம்பியும்) அமைத்துத் தர முன்வந்திருக்கிறது. போதுமா?
– வாசகி, ஜவ்வாது மலை

மின்விசிறி வேண்டுமென்றால் போதாது. வேண்டாமென்றால் இழுத்துப் பிடித்துப் போதும். ஒரு வீட்டில் 9 வாட் எல்இடி விளக்கு நான்கு, 5 மணி நேரம் எரிந்தால் 180 வாட் மணி. 40 வாட் டிவி 3 மணி நேரத்துக்கு 120. செல்போனுக்கு 10. ஆக 310. 40 வீட்டுக்கு 12,400 வாட் மணி, அதாவது 12.4 யூனிட். 20 வாட் தெருவிளக்கு பத்து, இரவு 11 மணி நேரம் எரிய 2.2 யூனிட். மொத்தம் 14.6. பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால், பேனல் 18 யூனிட்டுக்கு மேல் தர வேண்டும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக 4.6 கிலோவாட் பேனல் வேண்டும். மழைக்காலத்தில் இதுவும் இடிக்கும்.

இதோடு வீட்டுக்கொரு 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) மின்விசிறியை 10 மணி நேரம் ஓட்டினால் 8.3 கிலோவாட் ஆகிவிடும். அப்போது 10 கிலோவாட்டாகக் கேளுங்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்களையும் உட்காரவைத்து இதை முடிவு செய்து, தீர்மானமாக எழுதி, அதோடு அறக்கட்டளையிடம் போங்கள். பேனல் ஏறிய பிறகு பேசிப் பயனில்லை.

எங்கள் ஊர் மைக்ரோகிரிட் மூன்றாம் ஆண்டிலேயே இரவு 9 மணிக்கு அணைந்துவிடுகிறது. பேட்டரி முழுவதையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பணத்துக்கு எங்கே போவது?
– வாசகர், கல்வராயன் மலை

மாற்றும் முன் அளந்து பாருங்கள். உங்களுடையது தண்ணீர் ஊற்றும் ட்யூபுலர் பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். 48 வோல்ட் தொகுப்பென்றால் 2 வோல்ட் செல் 24 இருக்கும். நல்ல வெயில் நாளில், சார்ஜ் ஏறி முடிந்த மாலையில், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சுங்கள். மிதவை நிற்கும் எண்ணைச் செல் எண்ணோடு நோட்டில் குறியுங்கள். பெரும்பாலான ட்யூபுலர் பேட்டரிகளில் முழுச் சார்ஜுக்கு 1.240-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

22 செல்லில் 1.230-ம் இரண்டில் மட்டும் 1.150-ம் காட்டினால் அந்த இரண்டுதான் நோயாளி. எல்லா செல்லும் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், அவை இரண்டும் சரிந்ததும் மொத்த வோல்ட்டும் சரிந்து இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. அவற்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். எல்லாமே ஒரே மாதிரி 1.190-ல் நின்றால் பேட்டரி நிறைவதே இல்லை என்று பொருள்: பேனலில் தூசியோ மர நிழலோ இருக்கும், அல்லது ஊர் அளவுக்கு மீறி எடுக்கிறது. ஒரு வாரம் இரவுப் பயன்பாட்டைப் பாதியாக்கி மறுபடி அளவெடுங்கள். எண் ஏறினால் பேட்டரி பிழைத்தது. ஏறாவிட்டால் தகட்டில் சல்பேட் இறுகிவிட்டது. மெக்கானிக் சொல்வது சரி.

டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் பொங்கி வழியும். ஊற்றிய கையோடு அளவெடுக்கக் கூடாது. எண் குறைகிறதே என்று அமிலம் சேர்ப்பது பெரிய தவறு. குழாய்த் தண்ணீரின் உப்பும் தகட்டைக் கெடுக்கும்.

அளவுக்கு மீறி எடுப்பதைத் தடுக்க வீட்டுக்கு 1 ஆம்பியர் எம்சிபி (அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) ஒன்றை, வீட்டுக்குள் அல்ல, கம்பத்துப் பெட்டியில் பூட்டி வையுங்கள். 230 வாட் வரை தாராளம். 750 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது.

பணம்தான் இதன் உயிர்நாடி. பேட்டரி விலை 4.8 லட்சம், ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், அடுத்த பேட்டரிக்கு மாதம் 8,000 சேர்க்க வேண்டும். 40 வீடு என்றால் வீட்டுக்கு 200 ரூபாய். உங்கள் கொட்டேஷன் தொகையைப் போட்டுப் பாருங்கள். பராமரிப்பவர் சம்பளத்தோடு இதைக் கலக்காமல், மூவர் கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் போடுங்கள். மூவரில் ஒருவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மேற்கு வங்கத்துச் சுந்தரவனத் தீவுகளில் 1996-ல் கமல்பூரில் தொடங்கிய சோலார் நிலையங்களில், வசூலை ஊர்ச் சங்கத்திடமே விட்டார்கள். பாக்கி வைக்கும் வீட்டின் வாசலில் போய் நிற்க உள்ளூர் ஆளால்தான் முடியும்.

தெருக்கோடி வீடுகளில் மட்டும் டிவி ஓடவில்லை, விளக்கு மங்குகிறது. பேனல் குறையா?
– வாசகர், சத்தியமங்கலம்

கம்பிக் குறை. 300 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் போகிறதென்றால், 6 சதுர மி.மீ. அலுமினியக் கம்பியில் சுமார் 28 வோல்ட் வழியிலேயே கரையும். 16 சதுர மி.மீ. என்றால் 11.5 வோல்ட்தான். கம்பியை மாற்றும் முன் இணைப்புகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு. தாமிரத்தையும் அலுமினியத்தையும் வெறுமனே முறுக்கிவிட்ட இடம் பச்சை பூத்து, கருகி இருக்கும். இரண்டு உலோகத்தையும் இணைக்கவென்றே உள்ள பைமெட்டல் கிளாம்ப் போட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே வற்றாத ஓடை ஒன்று உண்டு. 20 லயக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பங்களுக்கு மின்சாரம் எடுக்கலாமா?
– வாசகர், பதுளை

எடுக்கலாம். இலங்கையின் சப்ரகமுவக் கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சிரமதானத்தில் (ஊரார் கூலியில்லாமல் சேர்ந்து உழைத்து) வாய்க்கால் வெட்டிச் செய்ததுதான். ஓடை நீரை ஜூலை, ஆகஸ்ட் வறட்சியில் அளந்து பாருங்கள். மழைக்கால அளவை நம்பினால் ஏமாற்றம்தான். ஓடையை மறித்து ஒரு குழாய் வழியே விட்டு, 200 லீற்றர் பீப்பாய் 10 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 20 லீற்றர். வீழ்ச்சி 30 மீற்றர் என்றால் 9.81 (புவியீர்ப்பு எண்) × 20 × 30 = 5,886 வாட். கையில் கிடைப்பது அதில் பாதி, சுமார் 2.9 கிலோவாட், குடும்பத்துக்கு 145 வாட்.

இரவு எல்லோரும் விளக்கணைத்ததும் சுமை குறைந்து டர்பைன் (தண்ணீர் சுழற்றும் சக்கரம்) வேகமெடுக்கும், வோல்ட் எகிறும். அந்த மிச்சத்தைக் கட்டுப்பாட்டுக் கருவி தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிய ஹீட்டர் சுருளுக்குத் திருப்பும். தொட்டி வற்றினால் சுருள் எரிந்துபோகும். அடுத்து ஊரின் விளக்கெல்லாம் போகும். தினமும் பார்க்க வேண்டியவை இரண்டு: இந்தத் தொட்டியின் நீர்மட்டம், முகத்தொட்டிச் (குழாயில் இறங்கும் முன் தண்ணீர் தேங்கும் தொட்டி) சல்லடையில் அடைத்த இலை.

மின்வாரியக் கம்பி வந்துவிட்டால் எங்கள் மைக்ரோகிரிட் என்னாகும்?
– வாசகி, கொல்லிமலை

பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்து தர்னை கிராமத்தில் 2014-ல் 100 கிலோவாட் மைக்ரோகிரிட் வந்தது. பிறகு மலிவான அரசு மின்சாரமும் வந்தது, பேட்டரிகள் தளர்ந்தன, வீடுகள் அரசு மின்சாரத்துக்கு மாறிவிட்டன. உங்கள் ஊரிலும் மாறத்தான் செய்வார்கள், அது தவறில்லை. பேனலை மட்டும் விற்றுவிடாதீர்கள். பேட்டரியே இல்லாமல் பகல் வெயிலில் குடிநீர்ப் பம்பை ஓட்டலாம். 2 எச்பிக்கு சுமார் 1,800 வாட் பேனலும் பம்புக்கான கன்ட்ரோலரும் போதும்.

இரண்டு இணைப்பையும் வைத்துக்கொள்ளும் வீட்டில், ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், மின்வாரியம் லைனை நிறுத்தியிருக்கும் நேரத்தில் உங்கள் இன்வெர்ட்டரின் மின்சாரம் பின்வழியே ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேன் உயிரைப் பறித்துவிடும்.