முதல் ஆளாக எடுத்த பையன் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் தம்பி வாஷிங்டன் பக்கம் வேலையில் இருக்கிறான். அங்கே நேஷனல்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு வெறித்தனமான ரசிகன். 2025 ஜூலையில் டிராஃப்ட் (அணிகள் முறை வைத்துப் புதுப் பையன்களை எடுக்கும் நிகழ்ச்சி) நடந்தபோது அந்த அணி முதல் ஆளாக 17 வயதுப் பையன் ஒருவனை எடுத்தது. அன்றைக்கு போனில் ஒரே புலம்பல், அவன் நண்பர்களும் அதே மாதிரிதானாம். பள்ளிக்கூடத்துப் பையனை எடுத்ததற்கு ஏன் சார் இவ்வளவு கோபம்?
– வாசகி, ஓசூர்

பதில்: அந்தக் கோபம் பையனால் வந்தது இல்லை அம்மா, அதற்கு முன்பே ஊறிக் கிடந்தது. நேஷனல்ஸ் 2019-ல் அமெரிக்க பேஸ்பாலின் பெரிய பட்டமான வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்ற அணி. அதற்கப்புறம் 2025 வரை ஒரு தடவைகூட பிளேஆஃப் ஆடவில்லை. டிராஃப்டுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூலை 6-ம் தேதி, அணியைப் பல வருடம் கட்டி நடத்திய பொது மேலாளர் மைக் ரிஸோவையும் மைதானத்தில் அணியை நடத்தும் மேனேஜர் (நம் ஊர் கோச் மாதிரி) டேவ் மார்டினெஸையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த நிலைமையில் நாட்டிலேயே முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கைக்கு வந்தால், ரசிகர்களுக்குப் பழைய ஞாபகம் வராமல் இருக்குமா? 2009-லும் 2010-லும் முதல் வாய்ப்பு இதே அணிக்குத்தான் கிடைத்தது. முதலில் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை எடுத்தார்கள், அடுத்த வருடம் பிரைஸ் ஹார்ப்பர். ஸ்ட்ராஸ்பர்க் தன்னுடைய முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக்அவுட் (மட்டைக்காரரை அடிக்கவிடாமலே அவுட்டாக்குவது) எடுத்தவர், 2019 வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

அப்படி இன்னொருவர் வருவார் என்று காத்திருந்தார்கள். கல்லூரி சாம்பியன் பட்டம் வென்ற கையோடு வந்த பிட்சர் கேட் ஆண்டர்சன், முன்னாள் நட்சத்திரம் மாட் ஹாலிடேயின் மகன் ஈதன் ஹாலிடே, இந்த மாதிரிப் பெயர்கள்தான் பேச்சில் இருந்தன. அணி எடுத்தது ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஈலை வில்லிட்ஸ், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப். இவருடைய அப்பா ரெஜி வில்லிட்ஸும் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆடியவர்தான், அதாவது பையன் ஆட்டத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவன்.

இதில் ஒரு பணக் கணக்கும் இருக்கிறது, உங்கள் தம்பியின் நண்பர்களுக்கு எரிச்சல் மூட்டியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டிராஃப்டின் முதல் 10 சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு என்று லீகே ஒரு தொகை குறிக்கிறது, அதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் ஒரு அணி புதுப் பையன்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தப் பணம். தாண்டினால் வரி கட்ட வேண்டும், ரொம்பத் தாண்டினால் அடுத்த வருடங்களின் முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். 2025-ல் முதல் இடத்துக்குக் குறித்த தொகை ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர். வில்லிட்ஸ் 82 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மிச்சமான பணத்தைப் பின்சுற்றுகளில், 'நல்ல தொகை கொடுக்காவிட்டால் நான் கல்லூரிக்கே போகிறேன்' என்று சொல்லும் திறமையான பையன்களுக்குக் கொடுக்கலாம். ரசிகர் பார்வையில் இது கஞ்சத்தனம். அணியின் பார்வையில் ஒரு ஆளுக்குப் பதில் இரண்டு மூன்று ஆள். எனக்கு அணியின் கணக்கு நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் டிக்கெட் காசு கொடுக்கிற ரசிகர் அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அந்த வருடத்தில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பையன் பெயரைப் போட்டு 'வேஸ்ட்' என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியாது. அவன் தன்னை முதலில் எடுங்கள் என்று யாரிடமும் போய் நிற்கவில்லையே.

கேள்வி: நம் கபடி, ஐபிஎல் எல்லாம் ஏலம். அமெரிக்காவில் டிராஃப்ட். எது நல்லது?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: ரசிகனாகக் கேட்டால் டிராஃப்ட், ஆட்டக்காரனாகக் கேட்டால் ஏலம்.

பேஸ்பாலில் 1965-ல் டிராஃப்ட் வருவதற்கு முன்பு பணக்கார அணிகள் நல்ல பையன்களை எல்லாம் வாரிக்கொண்டு போயின. தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்ற விதி வந்தபின்தான் கடைசி இடத்து அணியின் ரசிகருக்கும் அடுத்த வருடம் பற்றிப் பேச ஏதோ ஒன்று கிடைத்தது. அப்புறம் முதல் வாய்ப்புக்காகவே சில அணிகள் தோல்வியைப் பொருட்படுத்தாமல் ஆடுகின்றன என்ற புகார் கிளம்பியதால், 2023 முதல் முதல் 6 இடங்களைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். அந்த முதல் குலுக்கலில் ஜெயித்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது பால் ஸ்கீன்ஸை. 2024-ல் சிறந்த புதுமுகம், 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பைரேட்ஸ் ரசிகர்கள் எத்தனை வருடமாக ஏங்கியவர்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

ஆனால் ஆட்டக்காரருக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. எடுத்த அணிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். ஏலத்தில் அணியை அவர் தேர்ந்தெடுக்க முடியாது என்றாலும் இரண்டு அணிகள் போட்டி போட்டால் விலையாவது ஏறும்.

கேள்வி: முதலில் எடுத்த ஆள் கண்டிப்பாகப் பெரிய ஆளாக வருவாரா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: இல்லை. 1966-ல் மெட்ஸ் அணி முதல் ஆளாக எடுத்தது ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை, அடுத்த இடத்தில் போனவர் ரெஜி ஜாக்சன். சில்காட் மேல்மட்டமான மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஜாக்சன் 563 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 1991-ல் யாங்கீஸ் அணி 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து எடுத்த பிரையன் டெய்லர், 1993-ல் ஒரு கைகலப்பில் தோள்பட்டை போய், மேஜர் லீக் மைதானத்தை மிதிக்காமலேயே ஓய்ந்தார். இந்தப் பக்கம் மைக் பியாஸா 1988-ல் 62-வது சுற்றில், 1390-வது ஆளாக எடுக்கப்பட்டவர். இன்றைக்கு பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். 703 ஹோம் ரன் அடித்த ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-ல் 402-வது ஆள்.

ஏன் இப்படி என்றால், மற்ற ஆட்டங்கள் மாதிரி எடுத்த அடுத்த சீசனே இவர்கள் பெரிய மேடைக்கு வருவதில்லை. கீழ்மட்டமான மைனர் லீகில் படிப்படியாக ஏற வேண்டும், பள்ளிப் பையன் என்றால் மூன்று நான்கு வருடம் சாதாரணம். பள்ளியிலும் கல்லூரியிலும் உலோக மட்டையால் அடித்துப் பழகியவர்கள் இங்கே மரமட்டைக்கு மாற வேண்டும். வேகமாக எறிகிறவர்களின் முழங்கை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பக்கத்து மாவட்டத்தில் மா பூத்திருக்கும்போதே தோப்பைக் குத்தகை பேசி முடிக்கிறார்களே, அந்த வியாபாரியிடம் அன்றைக்கே காய் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வார்? டிராஃப்ட் அன்று ராத்திரியே அணிக்கு மார்க் போடுவதும் அதுதான்.

நம் ஆட்டத்திலும் பாருங்கள். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு பவன் செராவத்தை எடுத்தபோது நாமெல்லாம் கோப்பையே வந்துவிட்டது என்றுதான் பேசினோம். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் கால் போனது, சீசன் முழுக்க ஆடவில்லை. ஆனால் அதே சீசனில்தான் நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டில் கலக்க, அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, அந்த வருடம் சரியாக அமையவில்லை, அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் கொடுத்தது 40 லட்சம். 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போனவர் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2017-லேயே அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்கள் எவ்வளவு அவசரப்பட்டார்கள்!

கேள்வி: இந்தியர் யாராவது இந்த டிராஃப்டில் போனதுண்டா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இந்தியாவில் இருந்துகொண்டு டிராஃப்டில் போக முடியாது. அது அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்களுக்கானது, மற்ற நாட்டவரோடு அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போடலாம். அப்படித்தான் 2008-ல் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் வேகமாகப் பந்து எறியும் ஒரு போட்டி மூலம் கண்டெடுக்கப்பட்டு பைரேட்ஸில் சேர்ந்தார்கள். மேஜர் லீக் வரை போகவில்லை. கையில் பேஸ்பாலே பிடித்திராத இரண்டு பேர் அந்த நாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் வாங்கியதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கேள்வி: என் அண்ணன் மகன் ஜூனியர் கபடியில் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். அதே ஊரில் இன்னொரு பையனுக்குக் கிடைக்கவில்லை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஆள் பிடித்து வந்தவன்' என்று எழுதுகிறார்கள். பையன் சாப்பிடாமல் படுத்துக்கிடக்கிறான். நாங்களும் பதிலுக்கு எழுதலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எழுதாதீர்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் அவர்கள் பத்து வரி எழுதுவார்கள், அத்தனையையும் படிக்கப்போவது அந்தப் பையன்தான்.

தேர்வு சரியில்லை என்று நினைப்பவர்கள் தேர்வு செய்தவர்களிடம் நேரில் போய், எதை வைத்து எடுத்தீர்கள் என்று கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான் அது, பதில் சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கிறது. குரூப்பில் வயதில் பெரியவர் ஒருவர் இருப்பார், அவரிடம் தனியாகப் பேசி, பையன் பெயரைப் போட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பையனிடம் இருந்து போனைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்துவிடுங்கள், பயிற்சிக்கு அண்ணனே கூடப் போகட்டும்.

அப்புறம், அந்த இன்னொரு பையன் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அவனும் இப்போது சாப்பிடாமல்தான் கிடப்பான். இரண்டு பேரும் சின்ன வயதில் இருந்தே ஒன்றாக ஆடியவர்கள் என்றால், சாயங்காலப் பயிற்சிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த தேர்வில் நிற்க அவனுக்கும் பயிற்சி வேண்டும், உங்கள் பையனுக்கும் எதிரில் நின்று பிடிக்க ஒரு நல்ல ஆள் வேண்டும்.