சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் நட்சத்திரம்) தேட என்ன வாங்கலாம்? கேள்வி-பதில்

கேள்வி: 60 மி.மீ. டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டியில் ‘675 மடங்கு’ என்று போட்டிருந்தது. கேலக்ஸி எதுவுமே உருப்படியாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. லென்ஸின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. உங்களுடையதற்கு 120. அதைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பொய்யை அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், விடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கிறது. சூப்பர்நோவா பார்க்க இன்னும் பெரிதாக வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2023 மே மாதம் எம்101 கேலக்ஸியில் ஜப்பானின் கோய்ச்சி இதாகாகி கண்டுபிடித்த சூப்பர்நோவா, உச்சத்தில் மேக்னிடியூட் 11 அளவுக்கு வந்தது (மேக்னிடியூட் என்பது பிரகாச அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்). இருட்டான வானம் இருந்தால் உங்கள் 8 அங்குலமே போதும். ஆஸ்திரேலியப் போதகர் ராபர்ட் எவன்ஸ் 10 அங்குல டெலஸ்கோப்பில், கேமரா இல்லாமல் கண்ணால் பார்த்தே சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தவர். எந்தக் கேலக்ஸியைச் சுற்றி எந்த நட்சத்திரம் என்பது அவருக்கு மனப்பாடம். அது கடையில் கிடைக்காது.

கேள்வி: கேமரா வைத்துத் தேடப்போகிறேன். பணத்தில் பெரும்பங்கு டெலஸ்கோப்புக்கு, மிச்சம் அதைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்கு. சரிதானே?

பதில்: தலைகீழ். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பிசகாமல் துரத்துவது மவுண்டின் வேலை. அது தடுமாறினால் புள்ளி கோடாகும், கேலக்ஸியின் ஓரத்தில் இருக்கும் மங்கலான சூப்பர்நோவா பின்னணியில் கரைந்துவிடும். அதோடு ஒரே இரவில் பல கேலக்ஸிகளுக்குத் தாவ வேண்டும். மவுண்ட் தானாகத் திரும்பாமல் ஒவ்வொன்றையும் நீங்களே தேடித் திருப்பினால் விடிந்துவிடும். ‘10 கிலோ தாங்கும்’ என்று விளம்பரம் சொன்னால் படம் எடுக்க 5 கிலோ என்று வையுங்கள். நான் மலிவாக வாங்கிய ஒரு மவுண்ட் லேசான காற்றுக்கே ஆடும். “போகப் போகப் பழகிவிடும்” என்றார் விற்றவர். பழகவேண்டியது மவுண்டா, நானா என்று சொல்லவில்லை. நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்தால்தான் ஆகும் என்பதும் இல்லை. 2016இல் அர்ஜென்டினாவின் விக்டர் புசோ தன் 40 செ.மீ. டெலஸ்கோப்பில் புதுக் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். என்ஜிசி 613 கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடிக்கத் தொடங்கிய கணம் அவரிடம் சிக்கியது. எல்லாம் 20 விநாடிப் படங்கள்.

கேள்வி: நகர வெளிச்சத்தை வெட்ட நெபுலா ஃபில்டர் வாங்கினேன். கேலக்ஸி முன்பைவிட மங்கலாகிவிட்டது. ஏன்?

பதில்: நெபுலா ஃபில்டர் நெபுலாவுக்கு, அதாவது ஒளிரும் வாயு மேகத்துக்கு. பெயரிலேயே இருக்கிறதே! கேலக்ஸியின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருக்கும், அதையும் சேர்த்தே வெட்டும்.

கேள்வி: மறைந்த அப்பாவின் பெயரை ஒரு சூப்பர்நோவாவுக்கு வைத்ததாகச் சான்றிதழ் வாங்கினேன். செல்லுமா?

பதில்: செல்லாது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சூப்பர்நோவாவுக்குப் பெயர் ஆண்டும் சில எழுத்துகளும்தான். கண்டுபிடித்தவர் பெயரைக்கூட வைப்பதில்லை. சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதும் இல்லை. ‘அதிகாரபூர்வம்’ என்று எங்காவது எழுதியிருந்தால் அதைக் காட்டிப் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: என் படத்தில் புதிதாக ஒரு புள்ளி. கண்டுபிடிப்பைப் பதிவுசெய்து தர ஒருவர் கட்டணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். ஒன்றியத்தின் ‘டிரான்சியன்ட் நேம் சர்வர்’ தளத்தில் நீங்களே இலவசமாகப் பதியலாம். அதற்கு முன் இன்னொரு படம் எடுங்கள். புள்ளி நகர்ந்தால் அது சிறுகோள். டெலஸ்கோப்பைச் சற்றுத் திருப்பியும் படத்தில் அதே இடத்தில் நின்றால் கேமராவின் கோளாறு. அப்புறம் அந்தத் தளத்திலேயே தேடிப் பாருங்கள். தானியங்கி டெலஸ்கோப்புகள் ஏற்கெனவே பிடித்துப் போட்டிருக்கலாம்.