உதட்டில் புண்ணே வந்ததில்லை... ரிப்போர்ட்டில் மட்டும் ஹெர்பீஸ்!

கேள்வி: எனக்கு வயது 27. மூன்று மாதத்தில் கல்யாணம். முழு உடல் பரிசோதனையில் ‘ஹெச்.எஸ்.வி. 1 ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. உதட்டில் ஒரு கொப்புளம்கூட வந்ததாக நினைவில்லை. யாரோடும் நெருங்கிப் பழகியதும் இல்லை. முத்தம் கொடுத்தாலே அவருக்கு ஒட்டிக்கொள்ளுமா? சொல்லிவிடவா, விட்டுவிடவா?
- வாசகி, திருச்சி

பதில்: யாரோடும் பழகியதில்லை என்று நீங்கள் சாட்சி சொல்லத் தேவையே இல்லை. ஹெச்.எஸ்.வி. 1 என்பது உதட்டுப் புண் தரும் ஹெர்பீஸ் வைரஸின் முதல் வகை. ஐஜிஜி என்பது அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம், அதாவது சுமார் 380 கோடிப் பேரிடம், இந்த முதல் வகை வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடும்போது எச்சில் வழியாக வந்துவிடும். பிறகு முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அங்கிருந்து சிலருக்கு அடிக்கடி உதட்டுக்கு வரும். பலருக்கு ஆயுள் முழுக்கக் கொப்புளமே வராது.

முதலில் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். ‘1 மற்றும் 2’ என்று சேர்த்துப் போட்டிருந்தால் (2 என்பது பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் வகை), எந்த வகை என்பதை அந்தப் பரிசோதனை பிரித்துச் சொல்லவில்லை என்று பொருள். உங்களுடையதில் 1 என்று தனியாக இருக்கிறது, நல்லது. பக்கத்தில் ஐஜிஎம் (இன்னொரு வகை எதிர்ப்பொருள்) என்று ஒரு வரி இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பழைய தொற்றிலும் அது பாசிட்டிவ் காட்டும், தொற்றே இல்லாதவருக்கும் சில சமயம் காட்டும். அதை வைத்து ‘இது புதிதாக வந்தது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐஜிஜியும் எப்போது வந்தது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்ய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள், வீட்டுக்கு வருவது தூக்கம் கெடுவதுதான்.

ஒட்டுமா என்றால், ஒட்டலாம். புண் இல்லாத நாட்களிலும் சில நாள் எச்சிலில் வைரஸ் வெளிவரும். எந்த நாள் என்று உங்களுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கவும் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் நீங்கள் புதிதாகக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. ‘அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா?’ என்ற எண்ணம் அடுத்து வரும். முதல் வகைத் தொற்று உள்ளவர்களில் பத்தில் மூன்று பேரை இந்த ஐஜிஜி பரிசோதனை தவறவிடும். அதனால் அவருக்கு நெகட்டிவ் வந்தாலும் முடிவு கையில் கிடைத்ததாகாது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது வாய்வழி உறவு. வைரஸ் இல்லாத துணைக்கு இதன் வழியாகப் பிறப்புறுப்பில் தொற்று வரலாம். ஆணுறை, அல்லது பெண்ணுறுப்புக்கு மேல் விரிக்கும் லேடெக்ஸ் தாள், அபாயத்தைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. உதட்டில் எரிச்சலோ குறுகுறுப்போ தோன்றினால் அன்று முத்தமும் வேண்டாம், இதுவும் வேண்டாம். புண்ணே வராத உங்களுக்குத் தினசரி மாத்திரை தேவையில்லை.

சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் அல்ல. “செக்கப்ல உதட்டுப் புண் வைரஸ் இருக்குன்னு வந்திருக்குங்க. எனக்கு இதுவரை புண்ணு வந்ததில்ல. உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா?” அவ்வளவு போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘ஜுரம் வந்தா எனக்கும் உதட்டுல பொரியுமே’ என்று அவர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கேள்வி: என் கணவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உதட்டோரம் கொப்புளம் வருகிறது. மாமியார் அக்கி என்கிறார், காவி பூசுகிறார். கணவரோ வீட்டில் கிடந்த ஒரு தோல் களிம்பையும் தடவிக்கொள்கிறார். எனக்கு இது எட்டாவது மாதம்.
- வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்வது மேலே சொன்ன அதே ஹெர்பீஸ் உதட்டுப் புண் போலத்தான் தெரிகிறது. காவியால் பெரிய கெடுதல் இல்லை. அந்தக் களிம்பு ஸ்டீராய்டு கலந்ததா என்று பாருங்கள். ஆம் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தோலின் எதிர்ப்பைக் குறைத்து வைரஸைப் பரவவிடும்.

வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையில் நேரம்தான் முக்கியம். குறுகுறுப்பு தொடங்கியதுமே, கொப்புளம் எழும்பும் முன், வாலாசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம்; ஒரே நாளோடு சரி. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு நான்கு. கொப்புளம் உடைந்தபின் போட்டால் பெரிய பலன் இருக்காது. அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி மாத்திரையை வீட்டில் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு குறையும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஆறு முறை வருகிறதே, தினசரி தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்கலாம். வெயிலில் வண்டி ஓட்டுபவர் என்றால் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம் உதவும். வெயில் இதைக் கிளப்பிவிடும்.

உங்கள் பங்குக்கு: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பிறப்புறுப்பில் தொற்று வருவதுதான் குழந்தைக்கு மிக ஆபத்து. பிரசவம் வரை அவரிடமிருந்து வாய்வழி உறவு வேண்டாம், புண் இல்லாத நாளிலும். குழந்தை பிறந்தபின், புண் உள்ளவர் யாராக இருந்தாலும், தாத்தாவே ஆனாலும், பொருக்கு உதிர்ந்து தோல் சரியாகும்வரை முத்தமிடக் கூடாது. தூக்குமுன் சோப்பு போட்டுக் கை கழுவி, மாஸ்க் போட வேண்டும். முதல் ஆறு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, ஜுரம் அடித்தாலோ, தோலில் நீர்க்கொப்புளம் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஒரே டம்ளரில் குடித்தால் வருமா? கன்னத்தின் உள்பக்கம் எனக்கு வரும் புண்ணும் இதுதானா?
- வாசகர், ஈரோடு

பதில்: டம்ளர் வழியாக வருவது அரிது. புண் இருக்கும்போது மட்டும் டம்ளர், துண்டு, லிப் பாம் தனியாக இருக்கட்டும். அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இதற்கு வசதி. கன்னத்துக்குள் நடுவில் வெளுத்து ஓரம் சிவந்து வரும் புண் வேறு சமாசாரம், அது ஒட்டாது. மூன்று வாரம் ஆறாமல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உதட்டுப் புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், கான்டாக்ட் லென்ஸ் மாட்டாதீர்கள். கண் சிவந்து கூசினால் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடக் கூடாது. அன்றே கண் மருத்துவர்.